இரண்டு மடக்குக்கு நடுவே

துர்க்குத் துறையைவிட்டுக் கப்பல் நகர்ந்ததும்
மூன்று மொழிகளில் சொல்லிவிட்டார்கள்:
நின்றால் முகக்கவசம்.
உட்கார்ந்தால் கழற்றலாம், ஆனால்
வாய்க்குள் ஏதாவது போகும்போது மட்டும்.
ஒரு மடக்குக்கும் அடுத்த மடக்குக்கும் நடுவே
மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஏழாம் தளத்து மதுக்கூடத்தில்
இந்தச் சட்டத்துக்கு நான்தான் போலீஸ்.
ஒரு பையில் பாட்டில் திறப்பான்,
மறு பையில் எச்சரிக்கை அட்டை.
அட்டையில் ஒரு கோப்பை, ஒரு வாய், ஓர் அம்புக்குறி.
அம்பு எதைக் காட்டுகிறது என்று
பயணிகளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"உட்கார்ந்தவனை விட்டுவிட்டு
நிற்பவனைப் பிடிக்கும் கிருமி!
அதற்குக் குனிய வராது போலிருக்கிறது"
என்பான் சமையற்கட்டு யார்க்கோ,
மூக்கை வெளியே விட்டுக்கொண்டு.

முகக்கவசத்தில் ஓட்டை போட்டு
உறிஞ்சுகுழல் செருகிய ஒருத்தி.
காலிக் கோப்பையை இரண்டு மணி நேரம்
குடித்துக்கொண்டிருந்த காதலர்கள்.
தம்பெரே ஆஸ்பத்திரியின் நான்கு செவிலியர்கள்,
பார்க்காமலே இரண்டு விரலால் இறக்கி, ஏற்றி.
அவர்களிடம் மட்டும் நான் அட்டை நீட்டவில்லை.

பதினொன்றாம் மேசை.
டோர்ஸ்டன் எக்ப்ளூம்,
வரித்துறையில் முப்பத்தெட்டு வருஷம்
(நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னது).
ஒரு சின்ன பியர், ஒரு கிண்ணம் வேர்க்கடலை,
ஒரு மணி நேரமாகத் திறந்த முகம்.
ஒரு கடலையை எடுக்கிறார்.
நாக்கில் வைக்கிறார். கூரையைப் பார்க்கிறார்.
ஜன்னலில் ஒரு தீவு முழுசாகக் கடந்து போகிறது.
அடுத்த கடலை.

எத்தனை தந்திரம் பார்த்தவள் நான்!
அட்டையோடு போய் நின்றேன்.
"தின்கிறீர்களா,
தின்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்களா?"

"தேடுகிறேன்" என்றார்.

மார்ச்சில் காய்ச்சல்.
மூச்சு திரும்பிவிட்டது, மாடிப்படி திரும்பிவிட்டது,
மகளின் தொலைபேசிகூடத் திரும்பிவிட்டது.
உப்பு மட்டும் வரவில்லை.
"கிண்ணத்தில் ஒரு நூறு இருக்கும்,
ஏதாவது ஒன்றில் இருக்கலாம் அல்லவா?"
பழைய கணக்குப் புத்தகத்தில்
விடுபட்ட தொகையைத் தேடுகிற குரல்.

அட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.
எவ்வளவு பெரியது ஒரு மடக்கு,
எவ்வளவு நீளம் ஒரு கடலை
என்றெல்லாம் அதில் எழுதியிருக்கவில்லை.

யார்க்கோவிடம் போய் வாங்கி வந்தேன்:
ஊறிய ஹெர்ரிங் மீன், காரக் கடுகு,
வெளியூர்க்காரர் துப்பிவிடும்
சல்மியாக்கி என்ற கறுப்பு மிட்டாய்,
கடைசியில், வெட்கத்தைவிட்டு,
ஒரு கரண்டி வெறும் உப்பு.
ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார், இல்லை என்று.
ஒவ்வொன்றுக்கும் நடுவே
ஒழுங்காக முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டார்.
அன்றிரவு அந்தக் கப்பலில்
சட்டத்தைக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

நள்ளிரவு தாண்டி ஓலண்டில் நின்றோம்.
மேல்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.
வேர்க்கடலையைத் தின்று பார்த்தாயிற்று,
இனி இந்தக் கடலைத்தான் குடிக்க வேண்டும் என்றேன்.
"இதிலும் கிடைக்காது.
பால்டிக் உப்புச் சப்பில்லாத கடல்.
பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லையா?"
துணி ஒருமுறை உப்பி, ஒட்டி, அடங்கியது.
சிரிப்பா, இருமலா?
பாதி முகத்தை வைத்து
எதையும் முடிவு செய்யக் கூடாது
என்று அந்த வருஷம்தான் கற்றிருந்தேன்.

காலை ஆறு மணி, ஸ்டாக்ஹோம்.
மேசையைத் துடைக்கும்போது
கிண்ணத்தில் ஏழு கடலை மிச்சம்.
பாதியில் தூக்கம் வந்ததா,
அலுத்துப்போனாரா,
ஏழுக்கு முந்தியதில் கிடைத்துவிட்டதா?
கேட்க ஆளில்லை. கார்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

வாகனத் தளத்தின் மூலையில்
பத்து மணி நேரத்துக்குப் பின்
காதுகளை அவிழ்த்துவிட்டேன்.
மேலுதட்டை நக்கினேன்.

இருந்தது. ஏராளமாய்.
யாரும் பார்க்கவில்லையே என்று
ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.